வீராயிக்குக் கரண்டு வைத்த கதை

"இருபத்தஞ்சா? அதிகம் டாக்டரம்மா. இருபது போட்டுக்கலாம். உங்களுக்கும் வேணாம், எனக்கும் வேணாம்."

காளியாயி இதை விளையாட்டுக்குச் சொல்லவில்லை. மணப்பாறை மாட்டுச் சந்தையில் முப்பது வருஷமாக மாடு வாங்கி விற்கிறவள் அவள். எதிரே இருப்பவர் ஒரு எண்ணைச் சொன்னால் அதற்குக் கீழே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும் என்பது நாக்கில் ஊறிய பழக்கம். கதிர்வீச்சுப் பிரிவு டாக்டர் சுபலட்சுமி பேனாவை மேசையில் வைத்துவிட்டுச் சிரித்தார்.

"குறைக்க முடியாதும்மா. திங்கள்லேர்ந்து வெள்ளி வரைக்கும், அஞ்சு வாரம். வாரத்துல ஒரு நாள் மருந்து ஏத்துவோம். அது முடிஞ்சதும் உள்ளே வைக்கிற கரண்டு நாலு தடவை."

"அது வேறயா? இருபத்தொம்பதுன்னு முதல்லயே சொல்லக் கூடாதா?"

திருச்சியில் அந்த ஆஸ்பத்திரிக்கு வருகிற எல்லாருக்கும் அது கரண்டுதான். கதிர்வீச்சு என்பது கோப்பில் எழுதுகிற சொல். "உங்களுக்கு எத்தனாவது கரண்டு?" என்று கேட்டுத்தான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்கள் ஒருவரோடொருவர் பழகிக்கொள்வார்கள்.

காளியாயிக்கு வயது ஐம்பத்து மூன்று. தீட்டு நின்று மூன்று வருஷம் கழித்துத் திடீரென்று ரத்தம் காட்டியது. சூடு என்று நினைத்தாள். மோர் குடித்தாள், வெந்தயம் ஊற வைத்துத் தின்றாள், ஆறு மாதம் யாரிடமும் மூச்சு விடவில்லை. புருஷன் பெரியண்ணன் ஒருநாள் அவளுடைய புடவையைக் கொடியில் பார்த்துவிட்டு, மேல்சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். "கிளம்பு, திருச்சிக்குப் போவோம்" என்றார். கர்ப்பப்பை வாயில் புற்று. ஆனால் இடுப்பைத் தாண்டிப் போகவில்லை, குணப்படுத்திவிடலாம் என்று டாக்டர் உறுதியாகச் சொன்னார்.

மாடுகளைப் பார்க்க ஆள் வேண்டும் என்பதால் பெரியண்ணன் ஊருக்குத் திரும்பினார். காளியாயி ஸ்ரீரங்கத்தில் நாத்தனார் ஆனந்தவள்ளி வீட்டில் தங்குவது என்று முடிவாயிற்று. அம்மா மண்டபம் ரோட்டுக்குப் பின்னால் மாடியில் மூன்று அறை வீடு. தினமும் ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் ஏறிக் காவிரிப் பாலத்தைத் தாண்டிப் போய், கரண்டு வைத்துக்கொண்டு மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம்.

ஆனந்தவள்ளியின் புருஷன் சின்னையா மின்வாரியத்தில் ஃபோர்மேன். கரண்டு என்று யார் வாயைத் திறந்தாலும் தன்னைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைக்கிற மனிதர்.

"தங்கச்சி, தப்பா எடுத்துக்காதீங்க," என்று முதல் நாளே ஒரு ஜோடி ரப்பர் செருப்பை நீட்டினார். "வீட்டுக்குள்ள இதைப் போட்டுக்குங்க. உடம்புல கரண்டு தங்கியிருந்தா தரைக்கு இறங்கும். ஈரத் தரையா இருந்தா மத்தவங்களுக்கும் அடிக்கும். முப்பத்தி ரெண்டு வருஷ சர்வீஸ்ல நான் பாக்காத கரண்டா?"

"சரிங்கண்ணே," என்று காளியாயி போட்டுக்கொண்டாள். அது இரண்டு அளவு பெரிய செருப்பு. நடக்கும்போதெல்லாம் வாத்து போவதுபோல் பட் பட்டென்று சத்தம் கேட்டது. அவளுக்கே சிரிப்பு வந்தது.

சிரிப்பு வராத காரியங்களை ஆனந்தவள்ளி செய்தாள். தட்டு தனி, டம்ளர் தனி, குளியலறையில் வாளி தனி. துணி துவைக்கும் இயந்திரத்தில் காளியாயியின் புடவை மட்டும் விழாது. ஆனந்தவள்ளி பொல்லாதவள் இல்லை. காளியாயி கல்யாணமாகி வந்த புதிதில் அண்ணியின் முந்தானையைப் பிடித்துக்கொண்டே திரிந்தவள்தான். இப்போது முகம் கொடுத்துப் பேசக்கூட மாட்டேன் என்கிறாளே என்று காளியாயிக்கு மனசு ஆறவில்லை.

ஐந்தாம் நாள் சாயங்காலம் ஆனந்தவள்ளியின் மகள் ஜோதி கல்லூரியிலிருந்து வந்தவள், "அத்தை, பின்னி விடுங்க" என்று சீப்போடு வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். காளியாயி இரண்டு பின்னல்தான் போட்டிருப்பாள்.

"ஜோதி! எந்திரி அங்கேருந்து. நாளைக்குக் கல்யாணம் ஆகிப் பிள்ளை பெத்துக்க வேண்டியவ!"

"அம்மா, அதெல்லாம் ஒட்டாதும்மா."

"எந்திரிங்கிறேன்ல!"

ஜோதி எழுந்து போனாள். காளியாயி சீப்பில் சிக்கியிருந்த முடியை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில், கரண்டு இயந்திரத்தை இயக்குகிற மெஹ்ரீன், "அம்மா, தண்ணி குடிச்சாச்சா?" என்று கேட்டாள். வயிற்றில் மற்ற இடம் பாதிக்காமல் இருக்க மூன்று டம்ளர் தண்ணீர் குடித்து, சிறுநீரை அடக்கிக்கொண்டுதான் படுக்க வேண்டும். மெஹ்ரீன் பாலக்கரைப் பெண். முப்பது வயசு, கோட்டுப் பையில் எப்போதும் இஞ்சி மிட்டாய் வைத்திருப்பாள்.

"குடிக்கல. வேணாம்மா. அஞ்சோட நிறுத்திக்கறேன். என்னால இன்னொரு வீட்டுப் பொண்ணு உடம்பு கெட வேணாம்."

மெஹ்ரீன் கதவைச் சாத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். செருப்பிலிருந்து சீப்பு வரைக்கும் எல்லாவற்றையும் கேட்டாள். செருப்புக் கதைக்குச் சிரித்துவிட்டு, "மாப்பு, மாப்பு" என்று காதைத் தொட்டுக்கொண்டாள். பிறகு செல்போனில் டார்ச்சைப் போட்டுக் காளியாயியின் உள்ளங்கையில் அடித்தாள்.

"கை வெளிச்சமா இருக்கா?"

"இருக்கு."

அணைத்தாள். "இப்ப?"

"இல்லை."

"அவ்வளவுதாம்மா. மெஷின் ஓடுற மூணு நிமிஷம் கதிர் உங்க உடம்புல பட்டு வேலை செய்யும். நின்னதும் உங்ககிட்ட ஒண்ணும் மிச்சமில்ல. நீங்க ஜோதிக்கு ஜடை போடலாம், மடியில படுக்க வைக்கலாம், ஊட்டி விடலாம். இந்த நோயும் தட்டு டம்ளர்ல ஒட்டாது. உள்ளே வைக்கிற கரண்டும் அப்படித்தான், முடிஞ்சதும் எடுத்துடுவாங்க."

காளியாயி கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எனக்குப் புரியுது தாயி. என் நாத்தனா நம்பணுமே."

"நான் வந்து சொல்றேன்."

"ஆஸ்பத்திரிக்காரங்க அப்படித்தான் சொல்வாங்கன்னு சொல்வா."

மெஹ்ரீன் இஞ்சி மிட்டாய் ஒன்றை எடுத்து நீட்டினாள். "அம்மா, உங்களுக்கு நாடகம் போட வருமா?"

விஷயம் இதுதான். அந்த மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் பெண்களுக்குப் பரிசோதனை முகாம். வெறும் முகாம் என்றால் கூட்டம் வராது என்று டாக்டர் சுபலட்சுமி ஒரு நாடகம் எழுதியிருந்தார். எக்ஸ்ரே கண்டுபிடித்த புதிதில் பெண்களின் நோய்க்கு அதை எப்படி வைத்தியமாகக் கொடுத்தார்கள் என்பது கதை. நோயாளி வேஷத்துக்கு மட்டும் ஆள் சரியாக அமையவில்லை. நர்சுகள் எல்லாரும் வெட்கப்பட்டுச் சிரித்துவிடுகிறார்கள்.

"என்ன கதை, சொல்லு பாப்போம்," என்றாள் காளியாயி.

"நூறு வருஷத்துக்கு மேல ஆச்சும்மா. அப்ப பொம்பளைங்களுக்குக் கர்ப்பப்பையில கட்டி வந்தா உதிரம் நிக்காமப் போகும். அறுத்து எடுத்தா பொழைக்கிறது நிச்சயமில்ல. வயித்துக்கு மேல இந்தக் கதிரைக் காட்டுனா ரத்தம் நிக்குதுன்னு சில டாக்டருங்க கண்டுபிடிச்சாங்க. புத்து நோய்க்கும் வெச்சுப் பாத்தாங்க."

"எத்தனை தடவை?"

"அதான் யாருக்கும் தெரியல. நீங்க டாக்டர்கிட்ட பேரம் பேசுனீங்களே, கிட்டத்தட்ட அந்த மாதிரிதான். அளக்கக் கருவி கிடையாது. தோல் சிவந்தா போதும், கருகுனா அதிகம். மெஷின் இன்னைக்கு ஒழுங்கா வேலை செய்யுதான்னு பாக்க, டாக்டருங்க தினமும் அவங்க கையையே அதுக்கு முன்னால நீட்டுவாங்களாம். சில வருஷத்துல கையெல்லாம் புண்ணாகி, விரலை எடுக்கிற மாதிரி ஆயிடுச்சு. உயிரே போனவங்க இருக்காங்க."

"அடப் பாவி மனுசா," என்றாள் காளியாயி மெல்ல. "சரி, படுத்துக் கிடந்தவ கதி?"

"பல பேருக்கு ரத்தம் நின்னுச்சு. சில பேருக்குப் புண்ணு ஆறாமப் போச்சு. அப்படிப் பட்டுப் பட்டுத்தான் அளவு கத்துக்கிட்டாங்க."

"உங்க நாடகத்துல அவ பேரு என்ன?"

"பேரு வைக்கல. 'நோயாளி'ன்னு எழுதியிருக்காங்க."

"எங்கூட்டு மாட்டுக்கே பேரு இருக்கு," என்று காளியாயி எழுந்தாள். "வீராயின்னு வையுங்க. நானே நடிக்கிறேன். எங்க அந்தத் தண்ணி? கொண்டா."

அன்றிலிருந்து கரண்டு முடிந்ததும் அரை மணி நேரம் ஒத்திகை. மெஹ்ரீன் டாக்டர் வேஷம்; மூக்குக்குக் கீழே மையால் மீசை. காளியாயிக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும் என்பதால் வசனத்தை ஜோதி செல்போனில் பேசிப் பதிவு செய்து கொடுத்தாள். காளியாயி அதைப் பஸ்ஸில் காதில் வைத்துக் கேட்டு, தனக்குப் பிடிக்காத வசனங்களை மாற்றிக்கொண்டாள். "ஐயோ, நான் என்ன செய்வேன்!" என்று இருந்த இடத்தில் டாக்டர் சுபலட்சுமியிடம் நேராகவே சொன்னாள்: "யாரும்மா இப்படி அழுவா? வலி வந்தா வாய் மூடித்தான் கிடப்போம்." டாக்டர் அந்த வரியை அடித்துவிட்டார்.

குறை ஒன்றே ஒன்றுதான். அட்டைப்பெட்டியில் செய்த எக்ஸ்ரே இயந்திரம் குளிர்சாதனப் பெட்டி மாதிரி இருந்தது.

"அண்ணே, உங்களால முடியுமா?" என்று காளியாயி வீட்டில் சின்னையாவைக் கேட்டாள். மின்சாரச் சாமான் செய்யத் தெரியுமா என்று யாராவது கேட்டு அவர் மறுத்ததாகச் சரித்திரம் இல்லை. ஆனால் உண்மையான இயந்திரத்தைப் பார்க்காமல் கை வைக்க மாட்டேன் என்றார். மறுநாள் அரை நாள் லீவு போட்டுவிட்டுக் காளியாயியோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

சிகிச்சை அறையில் யாரும் இல்லாத நேரம் பார்த்து மெஹ்ரீன் அவரை உள்ளே அழைத்துப் போனாள். வெள்ளை வெளேரென்று யானைக் குட்டி உயரத்துக்கு நின்ற இயந்திரத்தைச் சின்னையா சுற்றி வந்து பார்த்தார்.

"எத்தனை வோல்ட்டும்மா இது?"

"கதிர் அறுபது லட்சம் வோல்ட் கணக்குல வருது சார்."

சின்னையா இரண்டடி பின்வாங்கினார். "எங்க பெரிய டவர் லைன்லயே ரெண்டு லட்சத்து முப்பதாயிரந்தான் போகும். அறுபது லட்சத்தையா எங்க தங்கச்சி தினமும் வாங்கிக்கிட்டு வருது? ஷாக் அடிக்காதா?"

"அந்த வேகமெல்லாம் மெஷினுக்குள்ளயே நின்னுடும் சார். வெளிய வர்றது வெளிச்சம் மாதிரி ஒரு கதிர். அதுல ஷாக் இல்ல, உடம்புல தங்காது. ஆனா ஒண்ணு சார், நீங்க பயந்தது தப்பில்ல. நூறு வருஷத்துக்கு முன்னாடி எக்ஸ்ரே ரூம்ல கம்பியெல்லாம் மூடாம தலைக்கு மேல தொங்கும். தொட்டு, ஷாக் அடிச்சுச் செத்தவங்க உண்டு. அந்த ரூம்ல நீங்க இருந்திருந்தா பல உசுரைக் காப்பாத்தியிருப்பீங்க."

"அப்ப நான் சொன்னது சரி," என்றார் சின்னையா நிமிர்ந்து.

"சரிதான் சார். கொஞ்சம் லேட்டாச் சொல்லிட்டீங்க, அவ்வளவுதான்."

அவர் முதலில் முறைத்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். அன்று மாலை வீட்டுக்குள் நுழைந்ததும் ரப்பர் செருப்பைத் தூக்கி மொட்டைமாடியில் போட்டுவிட்டு, "தங்கச்சி, வெறுங்காலோட நடங்க" என்றார். அப்புறம் பத்து நாள் கூடமெல்லாம் ஒரே கம்பியும் ஆணியும்தான். பழைய ஊறுகாய் ஜாடிக்குள் நீல பல்பு, மேலே மரச்சட்டத்தில் மூடாத செப்புக் கம்பிகள், ஸ்விட்சைத் தட்டினால் தேன்கூடு கலைந்ததுபோல் உறுமுகிற ஒரு பஸ்ஸர்.

ஆனந்தவள்ளி மட்டும் மாறவில்லை. புருஷன் சொல்லியும் கேட்கவில்லை, மகள் சொல்லியும் கேட்கவில்லை. தட்டும் டம்ளரும் தனியாகவே இருந்தன. "நாடகத்துக்கு வருவியா ஆனந்தி?" என்று காளியாயி கேட்டதற்கு, "பாப்போம் அண்ணி" என்று அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

நாலாவது வாரம் காளியாயிக்கு உடம்பு தள்ளாடியது. வயிறு அடிக்கடி போயிற்று. படியேறினால் மூச்சு வாங்கியது. நாடகத்தை வேறு யாராவது நடிக்கட்டும் என்று டாக்டர் சொல்லிப் பார்த்தார்.

"வீராயி பாதி நேரம் படுத்துத்தானே கிடக்கா? அதுக்குக்கூடவா எனக்குத் தெம்பில்ல?" என்றாள் காளியாயி. ரத்தப் பரிசோதனை பார்த்துவிட்டு டாக்டர் சம்மதித்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு மண்டபம் நிறைந்துவிட்டது. பூக்கட்டும் பெண்கள், மகளிர் குழுக்காரர்கள், கோயிலுக்கு வந்த கையோடு எட்டிப் பார்த்தவர்கள். மணப்பாறையிலிருந்து பெரியண்ணன் முதல் பஸ்ஸிலேயே வந்து, ஆண்கள் யாருமே இல்லையே என்று கூச்சப்பட்டுத் தூணுக்குப் பக்கத்தில் நின்றார். நாலாவது வரிசையில் ஜோதிக்குப் பக்கத்தில் ஆனந்தவள்ளி உட்கார்ந்திருப்பதைக் காளியாயி திரை இடுக்கு வழியாகப் பார்த்தாள்.

திரை விலகியது. மரக்கட்டிலில் வீராயி. கோட்டும் மீசையுமாக டாக்டர். அவருடைய இரண்டு கையிலும் பஞ்சுக் கட்டு. டாக்டர் ஸ்விட்சைத் தட்டினார். நீல பல்பு எரிந்தது, பஸ்ஸர் உறுமியது, முன்வரிசைப் பெண்கள் 'ஆ' என்றார்கள். டாக்டர் மறுபடி தட்டினார். பல்பு அணைந்தது. பஸ்ஸர் நிற்கவில்லை. திரைக்குப் பின்னால் சின்னையா கம்பிகளோடு மல்லுக்கட்டுவது எல்லாருக்கும் தெரிந்தது. மெஹ்ரீனுக்கு அடுத்த வசனம் மறந்துபோயிற்று. மீசை வேர்வையில் கன்னம் வரை ஓடியது.

காளியாயி கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். "டாக்டரு, உங்க மெஷினு கன்னுக்குட்டியைத் தேடுற மாடாட்டம் கத்துது. கொஞ்சம் புல்லுப் போட்டுட்டு வாங்க, நான் எங்கயும் போயிட மாட்டேன்."

மண்டபமே அதிர்ந்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் சின்னையா ஒயரைப் பிடுங்கிவிட்டார். மெஹ்ரீனுக்கு வசனம் திரும்பி வந்தது.

"பயப்படாதே வீராயி. அசையாமப் படுத்திரு."

"எவ்வளவு நேரம்?"

"தோல் சிவக்கிற வரைக்கும்."

"சிவந்தது போதும்னு உமக்கு எப்படித் தெரியும்? முதல்ல உம்ம கையை அவுத்துக் காட்டும்."

டாக்டர் தயங்கினார். பிறகு கட்டைச் சுற்றுச் சுற்றாக அவிழ்த்தார். மெஹ்ரீன் மூன்று விரல்களை உள்ளுக்கு மடக்கி, மருதாணிச் சாந்தால் புண்போலத் தீட்டியிருந்தாள். கையைச் சபைக்கு நேராகத் தூக்கினாள்.

வீராயி அந்தக் கையைத் தன் கையில் வாங்கிப் பார்த்தாள். "எங்களைப் போலப் பொம்பளைங்க பொழைக்கணும்னு மூணு விரலைக் குடுத்துட்டு நிக்கிறீரு. நான் அரை மணி நேரம் படுக்க மாட்டேனா?" என்று சொல்லிவிட்டுக் கட்டிலில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று. டாக்டர் சுபலட்சுமி மேடையேறி, பக்கத்து அறையில் பெண் டாக்டர்கள் மட்டும் இருப்பதாகவும், பரிசோதனைக்கு ஐந்து நிமிஷம்தான் ஆகும், வலிக்காது என்றும் சொன்னார். "யாருக்காவது வெள்ளைப்படுறது, இடையில ரத்தம் காட்டுறது, அந்த மாதிரி ஏதாவது இருந்தா முதல்ல வாங்க."

ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் புடவைத் தலைப்பைச் சரி செய்தார்கள். பக்கத்து வீட்டுக்காரி பார்க்க, சம்பந்தி பார்க்க, யார் எழுந்து போவார்கள்? பின்வரிசையில் இரண்டு பேர் வாசலைப் பார்த்து நகரத் தொடங்கினார்கள்.

காளியாயி மேடையிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விறுவிறுவென்று இறங்கி, தூணோரம் நின்ற பெரியண்ணனின் தோளிலிருந்து துண்டை உருவினாள்.

"மணப்பாறைச் சந்தையில விலையை வாயால சொல்ல மாட்டோம்," என்று உரக்கச் சொன்னாள். "துண்டுக்குள்ள கையை விட்டு விரலைப் பிடிப்போம். பிடிச்சவனுக்கும் பிடிபட்டவனுக்கும் தவிர பெத்த அப்பனுக்குக்கூடத் தெரியாது. நான் ஒவ்வொருத்தர்கிட்டயா வரேன். எத்தனை மாசமாத் தொந்தரவோ அத்தனை விரலைப் பிடிங்க. ஒண்ணும் இல்லாதவங்க என் கையைக் குலுக்கி விடுங்க. நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். ஆறு மாசம் மறைச்சவ நான். எனக்கு முன்னாடி யாரும் கூச்சப்பட வேணாம்."

முதல் வரிசையில் ஒரு கிழவி ஆர்வத்தோடு கையை விட்டுக் குலுக்கினாள். எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் பயம் கொஞ்சம் தளர்ந்தது. பக்கத்தில் ஒரு பூக்காரப் பெண், வேறு எங்கோ பார்த்தபடி, இரண்டு விரலைப் பிடித்தாள். காளியாயியின் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. நல்ல மாட்டைக் கண்டாலும் முகத்தில் காட்டாமல் இருப்பது முப்பது வருஷத் தொழில். "கையைக் குலுக்கினவங்களும் போகலாம், சும்மா பாத்துட்டு வாங்க," என்று பொதுவாகச் சொன்னாள். அப்படிச் சொன்னதால் யார் எதற்காகப் போகிறார்கள் என்று தெரியாமல் போயிற்று. பூக்காரப் பெண் எழுந்தாள். கிழவியும் எழுந்தாள். மூன்று, நாலு என்று அறை வாசலில் வரிசை சேர்ந்தது.

நாலாவது வரிசை. ஜோதி சிரித்தபடி கையைக் குலுக்கினாள். அடுத்தது ஆனந்தவள்ளி.

அவள் உடனே கையைக் கொடுக்கவில்லை. காளியாயி துண்டை நீட்டியபடி நின்றாள். பிறகு துண்டுக்கடியில் ஒரு கை வந்தது. ஐஸாகச் சில்லிட்டிருந்தது. நாலு விரலைப் பிடித்தது. விட்டுவிட்டு மறுபடி மூன்று விரலைப் பிடித்தது.

ஏழு மாதம்.

சந்தையில் ஒருநாளும் மாறாத காளியாயியின் முகம் அன்று மாறிவிட்டது. தனித் தட்டும் தனி வாளியும் எங்கேயிருந்து வந்தன என்று ஒரு நொடியில் அவளுக்குப் புரிந்தது. துண்டுக்குள் இருந்த கையை அவள் விடவேயில்லை. அப்படியே பிடித்துத் தூக்கி, "வா, கூட வரேன்" என்று மட்டும் சொன்னாள்.

வரிசையில் நிற்கும்போது ஆனந்தவள்ளி காதோடு பேசினாள். "உங்களைப் பாக்குறப்பல்லாம் என்னையே பாக்குற மாதிரி இருந்துச்சு அண்ணி. இதே வீட்டுல நாளைக்கு எனக்கும் இந்தக் கதிதானோன்னு... அதான் தள்ளித் தள்ளி வெச்சேன். ஜோதியைச் சாக்குச் சொன்னேன்."

"தெரியுது, விடு."

"கோவம் இல்லையா?"

"இருந்துச்சு. இப்ப உள்ளே போயிட்டு வா. வலிச்சா என் பேரைச் சொல்லித் திட்டு."

உள்ளே போனவள் ஐந்து நிமிஷத்தில் வெளியே வந்தாள். வரும்போது ஆச்சரியத்தோடு வந்தாள். "இதுக்கா ஏழு மாசம் பயந்தேன்?"

அன்று எண்பத்தாறு பேர் பரிசோதனை செய்துகொண்டார்கள். டாக்டர் சுபலட்சுமி முப்பது பேரைத்தான் எதிர்பார்த்திருந்தார். சாமான் போதாமல் ஆஸ்பத்திரியிலிருந்து மறுபடி வண்டி வரவேண்டியதாயிற்று.

ஆனந்தவள்ளிக்குப் பத்து நாளில் முடிவு வந்தது. கெட்ட அணுக்கள் தலைகாட்டியிருந்தன, புற்றாக மாறவில்லை. அந்த இடத்தை மட்டும் எடுத்துவிட்டுச் சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பினார்கள். கரண்டே தேவைப்படவில்லை. சின்னையா அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று அழுததை மெஹ்ரீன் மட்டும் பார்த்தாள். இஞ்சி மிட்டாய் ஒன்றைக் கொடுத்துவிட்டு, பார்க்காததுபோல் போய்விட்டாள்.

காளியாயி இருபத்தைந்தையும் முடித்தாள். உள்ளே வைக்கிற நாலு தடவைக்கும் ஆனந்தவள்ளிதான் கூடப் போனாள். மூன்றாவது தடவை முடிந்து வெளியே வந்ததும் காளியாயி பெஞ்சில் சாய்ந்துவிட்டாள். ஆனந்தவள்ளி பிளாஸ்க்கைத் திறந்து கஞ்சியை ஆற்றி, தான் ஒரு வாய் குடித்துச் சூடு பார்த்துவிட்டு அதே டம்ளரை அண்ணியின் வாயில் வைத்தாள்.

மூன்று மாதம் கழித்து எடுத்த ஸ்கேனில் கட்டி இருந்த இடம் சுத்தமாக இருந்தது. இன்னும் சில வருஷம் விடாமல் வந்து காட்ட வேண்டும் என்றார் டாக்டர் சுபலட்சுமி.

"வரேன். எத்தனை தடவைன்னு நான் கேக்க மாட்டேன்," என்றாள் காளியாயி.

அந்த ஞாயிற்றுக்கிழமை எல்லாருமாக முக்கொம்புக்குப் போனார்கள். மெஹ்ரீனும் வந்தாள், வீட்டிலிருந்து பிரியாணி எடுத்துக்கொண்டு. மதகுகளில் தண்ணீர் திறந்திருந்தார்கள். ஜோதி எல்லாரையும் பாலத்தில் நிறுத்திப் போட்டோ எடுத்தாள். சின்னையா தண்ணீரின் வேகத்தைப் பார்த்து இதில் எத்தனை யூனிட் மின்சாரம் எடுக்கலாம் என்று பெரியண்ணனுக்கு விளக்கினார். பெரியண்ணன் ஒன்றும் புரியாமல் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். வறுத்த மீன் விற்ற பெண்ணிடம் ஆனந்தவள்ளி ஏதோ பேச்சுக் கொடுத்தாள். பேச்சு நீண்டது. அந்தப் பெண் குனிந்து மெதுவாக என்னவோ சொல்ல, ஆனந்தவள்ளி தன் செல்போனில் ஆஸ்பத்திரி நம்பரை எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நல்ல கூட்டம். கடைசி இருக்கையில் இடம் கிடைத்தது. சத்திரம் பஸ் ஸ்டாண்டு வருவதற்குள் ஆனந்தவள்ளி காளியாயியின் தோளில் சாய்ந்து வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டாள். வேகத்தடையில் பஸ் தூக்கிப் போட்டபோது அவள் தலை ஜன்னல் கம்பியில் இடிக்காமல் காளியாயி உள்ளங்கையை நடுவில் கொடுத்தாள்.